மூக்குச் சக்கரத்தைக் காப்பாற்றுங்கள்

பயிற்சி விமானம் தரையிறங்கும்போது அடிபட்டால், பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் அடிபடுகிறது. மூக்குச் சக்கரத்தின் கால் மடங்கியிருக்கும். புரொப்பல்லரின் நுனிகள் வளைந்திருக்கும். எஞ்சினையும் விமானி அறையையும் பிரிக்கும் தீத்தடுப்புத் தகட்டின் அடிப்பகுதி கசங்கியிருக்கும். சிறு விமானங்களில் பறக்கக் கற்றுக்கொடுப்பதிலேயே என் உழைப்பின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. விமானக் கொட்டகையான ஹேங்கருக்குள் இழுத்து வரப்பட்ட விமானங்களில் நான் கண்டவரை, மாணவர்கள் வேறு, காற்று வேறு, ஓடுபாதை வேறு. காயம் மட்டும் ஒன்றேதான். அதன் காரணமும் அநேகமாக ஒன்றுதான். தரைக்குச் சில அடி உயரத்தில் ஒரு கை யோக்கை, அதாவது விமானி பிடித்து ஓட்டும் கைப்பிடியை, முன்னால் தள்ளியிருக்கும்.

ஆறுதலான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மாணவ விமானிகளுக்கு நேரும் விபத்துகளில் தரையிறங்கும்போது நேர்பவையே அதிகம். அவற்றில் உயிர் போவது அரிது. வேகம் குறைவு, விழுவதற்கு உயரமும் இல்லை, பெல்ட் உடலைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அப்படி ஒரு விபத்துக்குப் பிறகு சிலர் திரும்ப வருவதே இல்லை. தகட்டை மாற்றலாம், சக்கரத்தின் காலை மாற்றலாம். ‘எனக்கு இது வராது’ என்று ஒரு நல்ல மாணவர் முடிவு கட்டிவிட்டால் அதை மாற்றுவதுதான் பெரும்பாடு. அப்படி விலகிப்போன முகங்கள் இன்னும் என் நினைவில் இருக்கின்றன. இதை எழுத வைப்பது அந்த முகங்கள்தான்.

அவர்களில் ஒருவர், தனியாகப் பறக்கத் தொடங்கிய புதிதில், நான் ஓடுபாதையின் ஓரத்தில் கையடக்க ரேடியோவுடன் நின்றிருந்தபோது தரையிறங்க வந்தார். காற்று அடங்கியிருந்தது. கெட்டிக்கார மாணவர், பாடத்தில் எதைக் கேட்டாலும் பதில் சொல்வார். ஓடுபாதைக்கு நேரே திரும்பியபோது சற்று உயரமாக இருந்தார். உயரத்தைக் குறைக்க மூக்கைத் தாழ்த்தினார். உயரம் குறைந்தது, வேகம் கூடியது. ஓடுபாதையின் தொடக்கத்தைக் கடந்து மூக்கை நிமிர்த்தியபோது விமானம் இறங்க மறுத்தது. ஓர் ஆள் உயரத்தில் மிதந்துகொண்டே போனது. பாதை கரைவதைப் பார்த்து அவர் பதறியிருக்க வேண்டும். யோக்கைத் தள்ளினால் தாழும் வால் பகுதித் தகடான எலிவேட்டர் கீழ்நோக்கி அசைந்ததை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். மூக்குச் சக்கரம் முதலில் தரையில் மோதியது. மூக்கு மேலே எறியப்பட்டது. விமானம் எழும்பியது. அவர் மறுபடி தள்ளினார். இரண்டாவது மோதல் முதலாவதைவிடப் பலமாக இருந்தது, எழும்பிய உயரமும் கூடியது. “முழு சக்தி, மேலே போங்கள்” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவது மோதலும் நடந்துவிட்டது. அந்த மோதலில்தான் மூக்குச் சக்கரத்தின் கால் மடங்கியது.

அவருக்குக் கீறல்கூட இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் சொன்ன முதல் வாக்கியம்: “நான் தள்ளவே இல்லையே, சார்.”

அவர் பொய் சொல்லவில்லை. தள்ளியது அவருக்கே தெரியாது. இதே வாக்கியத்தை வேறு மாணவர்களிடமிருந்தும் பலமுறை கேட்டிருக்கிறேன். மேலே, ஆயிரம் அடியில், யோக்கைத் தள்ளினால் விமானம் இறங்கும். கை அதைப் பல மணி நேரப் பறப்பில் பழகிவிட்டது. தரையருகே ‘கீழே போக வேண்டும்’ என்ற எண்ணம் வந்த மாத்திரத்தில், மூளையைக் கேட்காமலே கை அந்தப் பழைய வேலையைச் செய்துவிடுகிறது. எனவே “தள்ளாதீர்கள்” என்று அறிவுரை சொல்வதில் அதிகப் பயன் இல்லை. தள்ளத் தோன்றும் நிலைமையே வராமல் பார்ப்பதும், வந்துவிட்டால் கைக்கு வேறொரு வேலை கொடுப்பதும்தான் வழி.

அந்த நிலைமையை உண்டாக்குவது, பத்தில் ஒன்பது முறை என்றே சொல்வேன், மிகுதியான வேகம்தான். செஸ்னா 172 எஸ் ரக விமானத்தின் கையேடு, இறக்கைகளின் பின்விளிம்பில் கீழிறங்கும் தகடுகளான ஃபிளாப்களை முழுவதும் இறக்கிய நிலையில் 60 முதல் 70 நாட் வரை வைத்துக்கொண்டு வரச் சொல்கிறது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். 65 நாட்டில் வர வேண்டியவர் 75 நாட்டில் வந்தால் ‘பத்துதானே கூட’ என்று தோன்றும். வேகம் கூடியது ஏறத்தாழ 15 சதவீதம். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது, ஆகவே விமானம் சுமந்துவரும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. அது கரைந்து தீரும்வரை விமானம் உட்காராது. அதோடு, இறக்கையின் நீளத்துக்கும் குறைவான உயரத்துக்கு வந்துவிட்டால், அதாவது செஸ்னா 172-க்கு ஏறத்தாழ 11 மீட்டருக்குக் கீழே, காற்றின் இழுவிசை குறையத் தொடங்குகிறது. தரையை நெருங்க நெருங்க இன்னும் குறைகிறது. வேகம் கரைவதும் தாமதமாகிறது. மிதப்பு நீளும். பாதை ஓடும். பதற்றம் வரும். பிறகு கை தள்ளும்.

பயத்தால்தான் மாணவர்கள் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். ஸ்டால் என்ற சொல் மனத்தில் உட்கார்ந்திருக்கிறது. இறக்கை தாங்குதிறனை இழந்துவிடுமோ என்ற அச்சத்தில் கையேடு சொல்லும் வேகத்துக்கு மேல் ஐந்து, அதற்கு மேல் இன்னொரு ஐந்து. ஆனால் முழு ஃபிளாப்போடு அந்த விமானத்தின் ஸ்டால் வேகம் 40 நாட்தான். கையேட்டு வேகத்திலேயே போதிய இடைவெளி வைக்கப்பட்டிருக்கிறது. காற்று விட்டுவிட்டு வீசும் நாளில் அந்த வீச்சின் ஏற்ற இறக்கத்தில் பாதியைச் சேர்த்துக்கொள்ளலாம்: 10 நாட் காற்று திடீர் திடீரென 18 ஆகிறது என்றால் 4 நாட். மனத்திருப்திக்காக அதற்கு மேல் சேர்ப்பது வேண்டாத சுமை.

வேகத்தை நிறுத்திப் பிடிக்கும் இடம் ஓடுபாதையின் வாசல் கிடையாது. அதற்கு வெகு முன்பே, கடைசித் திருப்பம் முடியும்போதே அது அமைந்திருக்க வேண்டும். என் மாணவர்களுக்கு ஒரு கோடு போட்டுக் கொடுப்பேன். தரையிலிருந்து 300 அடிக்கு வரும்போது மூன்றைப் பாருங்கள்: வேகம் சொன்ன அளவில் இருக்கிறதா, விமானம் ஓடுபாதையின் நடுக்கோட்டில் இருக்கிறதா, இறங்கும் புள்ளி கண்ணாடியில் மேலேயோ கீழேயோ நகராமல் நிற்கிறதா. ஒன்றுக்குப் பதில் ‘இல்லை’ என்றாலும் எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளி, இறங்குவதைக் கைவிட்டு மேலே போங்கள். விவாதம் வேண்டாம், இன்னொரு வாய்ப்புத் தர வேண்டாம். அந்த மாணவர் அன்று 300 அடியில் மேலே போயிருந்தால் அடுத்த சுற்றில் அழகாக இறங்கியிருப்பார். அதைச் செய்யும் திறமை அவரிடம் இருந்தது.

தரையில் மோதி எம்பிவிட்ட விமானத்தை என்ன செய்வது? பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இங்கே அது எழுத்துக்கு எழுத்து உண்மை. சிறிய எம்பல் என்றால் மூக்கைத் தரையிறங்கும் நிலைக்கு, அதாவது அடிவானத்துக்குச் சற்று மேலாக, கொண்டுவந்து அப்படியே பிடியுங்கள். தேவையென்றால் கொஞ்சம் சக்தி கொடுங்கள். விமானம் மறுபடி மெதுவாகத் தன் பின்சக்கரங்களில் உட்காரும். பெரிய எம்பல் என்றால் முழு சக்தி, மேலே. எது சிறியது எது பெரியது என்று சந்தேகம் வந்தால் அது பெரியதுதான். எம்பலைத் துரத்திக்கொண்டு தள்ளுவதும் இழுப்பதுமாக இருந்தால் கை எப்போதும் விமானத்துக்கு ஒரு படி பின்தங்கியே இருக்கும்; ஒவ்வொரு திருத்தமும் தவறான நேரத்தில் போய்ச் சேரும். மூன்றாவது மோதலில் விமானம் உடைவதன் கணக்கு இதுதான்.

மேலே போவது என்று இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டேன். உண்மையில் அது பயிற்சியில் மிகவும் புறக்கணிக்கப்படும் பாடம், அதுவே ஆபத்தாகவும் முடியலாம். முழு ஃபிளாப், மூக்கு உயர்ந்திருக்குமாறு வைத்த ட்ரிம் (யோக்கின் அழுத்தத்தைக் கைக்குக் குறைத்துத் தரும் அமைப்பு), குறைந்த வேகம். இந்த நிலையில் த்ராட்டிலை முழுக்கத் திறந்தால் மூக்கு தானாக மேலே பாயும், கூடவே இடப்பக்கம் இழுக்கும். மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் தகடான ரட்டரின் வலது பெடலை உடனே அழுத்த வேண்டும். இங்கே, தரையருகே, யோக்கைத் தள்ளுவது சரியாகிற ஒரே இடமும் வருகிறது: மூக்கு அடிவானத்துக்கு மேல் ஓடிப்போகாதபடி கைக்குப் பலம் கொடுத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். ஃபிளாப்பை ஒரேயடியாக மடக்கக் கூடாது. செஸ்னா 172 எஸ் கையேட்டின்படி முதலில் 20 டிகிரிக்கு, 60 நாட் வைத்துக்கொண்டு ஏறி, தடைகளைத் தாண்டும்வரை 10 டிகிரி, பாதுகாப்பான உயரமும் 65 நாட்டும் வந்த பிறகே முழுவதும். கார்புரேட்டரில் பனி உறையாமல் காக்கும் வெப்பமூட்டி உள்ள பழைய விமானம் என்றால் அதை மூடவும் மறக்கக் கூடாது. இருக்கை தண்டவாளத்தில் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்பதைப் புறப்படும் முன்பே ஆட்டிப் பாருங்கள்; முழு சக்தியில் மூக்கு உயரும்போது இருக்கை பின்னால் வழுக்கினால் யோக்கும் கையோடு வந்துவிடும்.

இவ்வளவையும் முதன்முறை செய்து பார்க்கும் இடம் எம்பலுக்கு நடுவே இருக்கக் கூடாது. மூவாயிரம் அடியில், அந்த உயரத்தையே தரை என்று வைத்துக்கொண்டு, ஃபிளாப்பை இறக்கி, இறங்கி, மேலே போய்ப் பழகுங்கள். பயிற்றுநர் சொல்லித் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். தரையிறங்கல்களை எண்ணி எழுதும் பதிவேட்டில் மேலே போனவற்றையும் எண்ணி எழுதச் சொல்வேன். அதில் ஒன்றும் இல்லாத பக்கத்தைப் பார்த்தால் எனக்குக் கவலை வரும்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூக்குக்கு நேர்கீழே உள்ள தரையைப் பார்த்துக்கொண்டு இறங்குபவருக்கு எல்லாம் கலங்கி ஓடும்; உயரம் புலப்படாது. மூக்கை நிமிர்த்தத் தொடங்கும்போது பார்வை ஓடுபாதையின் மறுகோடிக்குப் போய்விட வேண்டும். அப்போது பாதையின் இரு விளிம்புகளும் ஓரக்கண்ணில் விரிவதே உயரத்தைச் சொல்லும். பழகிய பாதையைவிட அகலமான பாதையில் இறங்கினால் தாழ்வாக இருப்பதுபோல் தோன்றி, மூக்கை மிக உயரத்திலேயே நிமிர்த்திவிடுவார்கள். குறுகலான பாதையில் நேர்மாறு. ஒவ்வொரு முறையும் இருக்கையை ஒரே உயரத்தில் வைத்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

இடது இருக்கையில் உட்காருபவர்களுக்கு இன்னொரு சிக்கல். எஞ்சின் மூடியின் நடுவையும் ஓடுபாதையின் மறுகோடியையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்தால் விமானம் நேராக இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். உண்மையில் அது இடப்பக்கம் திரும்பியிருக்கும். அப்படியே தொட்டால் சக்கரங்கள் பக்கவாட்டில் உரசும். அதற்கு ஒரு எளிய வழி உண்டு. விமானத்தை நடுக்கோட்டில் நேராக நிறுத்திவைத்து, இருக்கையில் உட்கார்ந்து, உங்கள் கண்ணுக்கு நேர் எதிரே எஞ்சின் மூடியில் எந்தத் திருகாணி, எந்த ரிவெட் வரிசை வருகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இனி உங்களுக்கு ‘நேர்’ என்பது அந்தத் திருகாணிதான். என் மாணவி ஒருவர் வாரக்கணக்கில் கோணலாகவே இறங்கிக்கொண்டிருந்தார். பக்கக் காற்றுப் பாடத்தையே மூன்று விதமாகப் படித்துப் பார்த்தார். அந்தத் திருகாணியைக் கண்டுபிடித்த அன்று மாலையே நேராக இறங்கினார்.

பக்கக் காற்று பெரிய பாடம். இங்கே அதன் விபத்துப் பகுதியை மட்டும் தொடுகிறேன். ஓடுபாதைக்கு 30 டிகிரி கோணத்தில் வீசும் காற்றில் பாதி பக்கக் காற்று. 45 டிகிரி என்றால் பத்தில் ஏழு பங்கு. செஸ்னா 172 எஸ் விமானத்தில் 15 நாட் பக்கக் காற்று வரை இறங்கிக் காட்டப்பட்டிருக்கிறது. அது தேர்ந்த சோதனை விமானி செய்து காட்டிய அளவு, மாணவருக்கான அளவு கிடையாது. காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, எதிர் ரட்டரால் மூக்கை நேராக வைத்து, அந்தப் பக்கச் சக்கரத்தை முதலில் தொடவிட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிகிறது. தொட்டதும் “அப்பாடா” என்று கையைத் தளர்த்துகிறார்கள். வேகம் குறையக் குறைய, இறக்கையைச் சாய்க்கும் தகடுகளான ஐலரான்களின் பிடி குறையும், ஆகவே யோக்கைக் காற்றுப் பக்கம் மேலும் மேலும் திருப்பிக்கொண்டே போக வேண்டும். விமானத்தைக் கட்டிப்போட்ட பிறகுதான் தரையிறங்கல் முடிந்தது.

தொட்ட பிறகும் யோக்கைத் தள்ளி ‘தரையில் அழுத்திப் பிடிக்கும்’ பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வேகமாக ஓடும் விமானத்தின் எடை மூக்குச் சக்கரத்துக்குப் போய், பின்சக்கரங்கள் தரையை விட்டுத் தளர்ந்துவிடும். பிரேக் பிடிக்காது. செஸ்னாவில் மூக்குச் சக்கரம் ரட்டர் பெடலோடு இணைந்தது; அந்த நேரத்தில் பெடலில் லேசாகக் கால் பட்டாலும் விமானம் வெடுக்கெனத் திரும்பிப் பாதைக்கு வெளியே போகும். தொட்டதும் யோக்கைப் பின்னால் வைத்திருங்கள், மூக்குச் சக்கரம் தானாக இறங்கட்டும், பிறகு பிரேக். தொட்டவுடன் மறுபடி கிளம்பிவிடும் பயிற்சியை ஆரம்ப மாணவர்களுக்கு நான் விரும்புவதில்லை. குறைந்த நேரத்தில் நிறையத் தடவை இறங்கலாம் என்பது உண்மை. ஆனால் ஓடி நிற்கும் பகுதி, விமானம் கைமீறும் பகுதி, அதில் கற்றுக்கொடுக்கப்படாமலே போகிறது. முழுதாக நிறுத்தி, திரும்பி வந்து, மறுபடி கிளம்பட்டும்.

பின்காற்றில் இறங்குவதைப் பற்றி ஒரு கணக்கு போதும். கையேட்டின்படி எதிர்காற்று 9 நாட் இருந்தால் இறங்கத் தேவைப்படும் தூரம் 10 சதவீதம் குறையும். பின்காற்று என்றால் 2 நாட்டுக்கே 10 சதவீதம் கூடும். காற்றின் திசை காட்டும் காற்றுப் பையை இறங்குவதற்கு முன் இன்னொரு முறை பாருங்கள்.

முதன்முறை தனியாகப் பறக்கும்போது பயிற்றுநரின் எடை இல்லாததால் விமானம் வேகமாக ஏறும், இறங்கும்போது அதிகமாக மிதக்கும். இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பாவிட்டால், மாணவர் அந்த மிதப்பைத் தன் தவறு என்று நினைத்துத் திருத்தப் போவார். திருத்தம் எந்தத் திசையில் போகும் என்பது இதற்குள் தெரிந்திருக்கும்.

உயிர் பறிக்கும் இடம் ஒன்று உண்டு. அது ஓடுபாதையில் இல்லை, அதற்கு முந்தைய கடைசித் திருப்பத்தில் இருக்கிறது. நடுக்கோட்டைத் தாண்டிப் போய்விட்டால், அதைப் பிடிக்க ரட்டரால் மூக்கை உள்ளே தள்ளுவது, கூடவே யோக்கை இழுப்பது. இந்த இரண்டும் சேர்ந்தால் விமானம் ஒரு பக்கம் கவிழ்ந்து சுழலும், மீட்க உயரம் இருக்காது. சமமட்டத்தில் 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் ஸ்டால் வேகம் 41 சதவீதம் கூடுகிறது. 30 டிகிரிக்கு மேல் சாய வேண்டியிருந்தால் திருப்பத்தைக் கைவிட்டு மேலே போங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

அடிபட்ட பிறகு செய்ய வேண்டியவற்றையும் பலர் சொல்லித் தருவதில்லை. நின்றவுடன் எரிபொருள் கலவையை இழுத்து எஞ்சினை நிறுத்துங்கள், எரிபொருள் வால்வை மூடுங்கள், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னட்டோவையும் மின்சாரத்தையும் அணையுங்கள், இறங்கித் தள்ளிப் போங்கள். புரொப்பல்லர் தரையைத் தொட்டிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலே, எஞ்சின் எவ்வளவு சீராக ஓடினாலும், அந்த விமானத்தை மறுபடி கிளப்பக் கூடாது. அப்படித் தொட்ட எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று லைக்கமிங், கான்டினென்டல் ஆகிய எஞ்சின் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். உள்ளே புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டில் விழுந்த கீறல் வெளியே தெரியாது.

பலமாக இறங்கிவிட்டால், வெளியே எதுவும் தெரியாவிட்டாலும், மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். அவர் எஞ்சின் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, தீத்தடுப்புத் தகட்டின் அடியில் பார்ப்பார். ஒருமுறை ஒரு மெக்கானிக் என் விரலைப் பிடித்து அந்தத் தகட்டின் மீது வைத்தார். கண்ணுக்கு நேர்த்தியாகத் தெரிந்த இடத்தில், விரலுக்கு ஒரு மெல்லிய மடிப்பு தட்டுப்பட்டது. ரிவெட்களைச் சுற்றிக் கருப்பாகப் பொடி படிந்திருந்தது. முந்தைய நாள் இறக்கியவர் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. சொல்பவரைத் திட்டும் பள்ளியில் யாரும் சொல்ல மாட்டார்கள், அதன் பலனை அடுத்து அந்த விமானத்தில் ஏறும் மாணவர் அனுபவிப்பார். பயிற்றுநர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இது: பலமாக இறங்கியதை வந்து சொல்பவருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

விபத்துக்குப் பிறகு திரும்ப வருபவரை உடனே தரையிறங்கச் சொல்வதில்லை. நீளமான ஓடுபாதை, அமைதியான காற்று, பக்கத்தில் பயிற்றுநர். சிறிது சக்தியை விட்டுவைத்து, சக்கரங்கள் தரைக்கு மேல் சில அடியில் இருக்க, நடுக்கோட்டின் மேலேயே பறந்து போக வேண்டும், தொடக் கூடாது. பாதையின் பாதிக்கு வந்ததும் முழு சக்தி, மேலே. இதைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, தரைக்கு அருகில் இருப்பது கைக்குப் பழகிப்போகிறது. இறங்கியாக வேண்டும் என்ற அவசரம் இல்லாததால் யோக்கைத் தள்ளும் உந்துதலும் எழுவதில்லை. நான் மேலே சொன்ன மாணவரும் சில மாதம் கழித்து வந்து இப்படித்தான் தொடங்கினார். பல சுற்றுகளுக்குப் பிறகு சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னேன், “இறங்க விடாமல் பிடித்துக்கொண்டே இருங்கள்” என்றேன். யோக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருந்தார். பின்சக்கரங்கள் தொட்டன; மூக்குச் சக்கரம் இன்னும் காற்றில் இருந்தது.